ஹம்பக்கர் பிக்கப் தேர்ந்தெடுக்கறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரிக் கிட்டார்ல பிக்கப் மாத்தலாம்னு யோசிக்கிறவங்க முதல்ல கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "இருக்கறதுலயே ஹாட்டான பிக்கப் எது?" ஹாட்னா சிக்னல் பலமா வர்றது, அவுட்புட் ஜாஸ்தின்னு அர்த்தம். அந்தக் கேள்வியிலேயே ஆரம்பிச்சு அதுலயே முடிச்சுட்டா கையில இருந்து காசு போகும், சத்தம் இருந்ததைவிட மந்தமாயிடும். என் கருத்து நேரடியா சொல்லிடறேன், பத்துல எட்டுப் பேருக்கு நடுத்தர அவுட்புட் ஹம்பக்கர்தான் சரியா வரும். ஏன்னு கீழ ஒவ்வொண்ணா பாக்கலாம்.

ஹம்பக்கர்னா என்ன? இரைச்சல எப்படி நிறுத்துது?

பிக்கப்னா ஒரு மேக்னட், கூடவே தலைமுடி அளவுக்கு மெல்லிசான செப்புக் கம்பிய ஆயிரக்கணக்கான சுத்து சுத்தின ஒரு காயில். மேல ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் ஆடுது, காயில்ல சின்னதா ஒரு வோல்டேஜ் வருது, அதத்தான் ஆம்ப் பெருசாக்குது. ஆனா அந்தக் காயில் ஸ்ட்ரிங்க மட்டும் கேக்கறதில்ல, வீட்டு வயரிங், அடாப்டர், ஆம்ப்புக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் சேத்துக் கேக்குது. நம்ம ஊர்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கால 60, அந்த "ம்ம்ம்"னு வர்ற சத்தம் அதோடதும் அதோட மடங்குகளோடதும்தான்.

ஹம்பக்கர்ல காயில் ரெண்டு. ஒண்ணுல வட துருவம் ஸ்ட்ரிங் பக்கம் பாத்திருக்கும், இன்னொண்ணுல தென் துருவம், அதோட ரெண்டு காயிலும் எதிரெதிர் திசையில இணைஞ்சிருக்கும். வெளியிலேருந்து வர்ற இரைச்சலுக்கு நம்ம மேக்னட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான், அதுக்கு காயிலோட திசை மட்டும்தான் கணக்கு, அதனால ஒண்ணுல கூட்டலா வந்தது இன்னொண்ணுல கழித்தலா வந்து காணாமப் போயிடுது. ஸ்ட்ரிங்லேருந்து வர்ற சிக்னலுக்கு துருவமும் திரும்புது, காயிலும் திரும்புது, ரெண்டு தடவை திரும்பினதால மறுபடி நேராயி ரெண்டு காயில் சத்தமும் ஒண்ணாச் சேந்துக்குது.

இத யார் கண்டுபிடிச்சாங்க? பி.ஏ.எஃப்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

கிப்சன் கம்பெனில வேலை பாத்த சேத் லவர். 1955ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சார், கிடைச்சது 1959ல, ஆனா 1957லயே லெஸ் பால் கிட்டார்ல இந்த பிக்கப் வந்துடுச்சு. அதே சமயத்துல கிரெட்ச் கம்பெனிக்காக ரே பட்ஸ்ங்கறவரும் தனியா ஃபில்டர்ட்ரான்னு ஒரு ஹம்பக்கர் பண்ணினார், அதுவும் இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு. கிப்சன் பிக்கப் அடியில "பேட்டன்ட் அப்ளைடு ஃபார்"னு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினாங்க, அந்த மூணு வார்த்தையோட முதல் எழுத்துதான் பி.ஏ.எஃப். பேட்டன்ட் கிடைச்சப்புறம் ஸ்டிக்கர்ல நம்பர் போட்டாங்க, அந்த நம்பர் பிக்கப்போடது இல்ல, லெஸ் பாலோட டெயில்பீஸ் பேட்டன்ட் நம்பர்.

அந்தக் காலத்து பிக்கப் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. சுத்து எண்ணிக்கை ஒரே மாதிரி வரல, ரெண்டு காயிலும் சமமா இருக்காது, மேக்னட்டும் கையில கிடைச்ச அல்நிகோ வகையைப் போட்டாங்க, அதனால காயிலோட ரெசிஸ்டன்ஸ் 7 கிலோ ஓம்லேருந்து 9 தாண்டி வரைக்கும் மாறும். "நிஜமான பி.ஏ.எஃப் டோன்"னு விக்கிற எதுவும் அதுல ஏதோ ஒரு பிக்கப்பப் பாத்து செஞ்சதுதான்.

சத்தம் பிடிக்கல. உடனே பிக்கப் மாத்தணுமா?

வேண்டாம், அவசரப்படாதீங்க. முதல்ல பழைய ஸ்ட்ரிங்க மாத்துங்க, துருப்பிடிச்ச ஸ்ட்ரிங்ல எந்த பிக்கப் போட்டாலும் மந்தமாத்தான் கேக்கும், சென்னை மாதிரி கடலோர ஊர்ல வேர்வையும் ஈரக்காத்தும் சேந்து ஸ்ட்ரிங்க சீக்கிரமே தீத்துடும்.

அடுத்தது உயரம். இத யாரும் தொடறதே இல்ல, அதான் ரொம்ப வருத்தமா இருக்கு, காசு செலவில்லாம டோன் மாறக்கூடிய ஒரே இடம் இது. கடைசி ஃப்ரெட்ல தடிமனான ஈ ஸ்ட்ரிங்க அமுக்கிப் பிடிங்க, ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கத்துக்கும் அதுக்கு நேர் கீழ பிக்கப்ல இருக்கற ஸ்க்ரூ (போல் ஸ்க்ரூ) தலைக்கும் நடுவுல ஒரு ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளங்க. பிரிட்ஜ் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங் முடியற பிரிட்ஜ் பக்கம் இருக்கறது) 2 மில்லிமீட்டர், நெக் பிக்கப்புக்கு (கழுத்துப் பக்கம் இருக்கறது) 2.5லேருந்து 3, இதுல ஆரம்பிங்க. பிக்கப்போட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற உயர ஸ்க்ரூவ அரைச் சுத்து அரைச் சுத்தா திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரே ரிஃப்ஃப வாசிச்சுப் பாருங்க. கிட்டக் கொண்டு வந்தா சத்தம் கூடும், அழுத்தம் கூடும், ஆனா நோட்டோட தொடக்கம் மழுங்கும். தள்ளிப் போனா காத்தோட்டமா, தெளிவா கேக்கும், விரலோட வித்தியாசம் நல்லாத் தெரியும். நெக் பிக்கப் "மொத்தையா இருக்கு, பாஸ் ஜாஸ்தி"ன்னு சொல்றவங்க அத ஒரு மில்லிமீட்டர் இறக்கி, பாஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் இறக்கி, மெல்லிசான ஸ்ட்ரிங் பக்கம் இருக்கற போல் ஸ்க்ரூவ மட்டும் அரைச் சுத்து மேல ஏத்திப் பாக்கட்டும், பாதிப் பேருக்கு அதோட பிரச்சினை தீந்துடும்.

அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா சரி, மாத்துங்க.

கிலோ ஓம் கூட இருந்தா பவர் கூடன்னு அர்த்தமா?

இல்ல. இதுதான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். டி.சி. ரெசிஸ்டன்ஸ்ங்கறது காயில்ல இருக்கற கம்பியோட நீளத்தையும் தடிமனையும்தான் சொல்லும். மெல்லிசான கம்பி போட்டா அதே எண்ணிக்கை சுத்துக்கு ஓம் எகிறிடும், சத்தம் அந்த அளவுக்கு எகிறாது. சீமோர் டங்கன் கம்பெனியோட ஜே.பி. மாடல் சுமார் 16 கிலோ ஓம், டிமார்சியோ கம்பெனியோட சூப்பர் டிஸ்டார்ஷன் 13, 14 அந்த அளவுல, ஆனா சூப்பர் டிஸ்டார்ஷன் ஜே.பி.யவிட சாதுவானதுன்னு ரெண்டையும் வாசிச்ச யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அதுல இருக்கறது வலு கூடின செராமிக் மேக்னட், ஜே.பி.ல அல்நிகோ 5.

அந்த நம்பர் சூட்டுக்கே மாறும். செப்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். ஏசி ரூம்ல 24 டிகிரில 8 கிலோ ஓம் காட்டற பிக்கப், மே மாசம் மத்தியானம் 34 டிகிரில மல்டிமீட்டர்ல 8.3 காட்டும். அதனால 8.1க்கும் 8.4க்கும் நடுவுல தலைய உடைச்சுக்க வேண்டாம்.

கிடைச்சா இண்டக்டன்ஸ் பாருங்க, ஹென்றில போட்டிருப்பாங்க. ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டார்ல வர்ற மாதிரி ஒரே காயில் இருக்கற பிக்கப் (சிங்கிள் காயில்) 2, 2.5 ஹென்றி, பழைய பாணி ஹம்பக்கர் 4, 5, ஹாட் பிக்கப் 7, 8 வரைக்கும் போகும். இது ஏற ஏற ட்ரெபிள் மேல போகாம மிட் பக்கம் இறங்கிடும். கூடவே கேபிளும் சேந்து விளையாடும், மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட்னு வச்சா 6 மீட்டர் கேபிள் 600 பிகோஃபாரட், அதுவும் ட்ரெபிள இழுத்துக் கீழ விடும். ஹாட் பிக்கப், நீளமான கேபிள், ரெண்டும் சேந்தா போர்வை போத்தின மாதிரி கேக்கறதுக்குக் காரணம் இதுதான்.

மேக்னட்ல எது நல்லது? அல்நிகோ 2, அல்நிகோ 5, செராமிக்?

நல்லது கெட்டதுன்னு இல்ல, குணம் வேற வேற. அல்நிகோங்கறது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம். அல்நிகோ 2 மென்மை, நோட்டு கொஞ்சம் சாஞ்சு வர்ற மாதிரி இருக்கும், ட்ரெபிள் காதைக் குத்தாது, ப்ளூஸுக்கும் மெதுவான லீடுக்கும் எனக்குப் பிடிச்சது. அல்நிகோ 5 இன்னும் வலு, பாஸ் இறுக்கம், ட்ரெபிள் பளிச். செராமிக் ரொம்ப இறுக்கம், ஹை கெய்ன்ல (டிஸ்டார்ஷன் ஜாஸ்தியா வச்சு) பாம் மியூட், அதாவது உள்ளங்கைய ஸ்ட்ரிங் மேல லேசா வச்சு அடிக்கறது, பண்ணும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியா வெட்டி விழும். செராமிக்னா மலிவு, மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு, விலை கம்மிங்கறது உண்மைதான், மட்டம்ங்கறது இல்ல.

கையில இருக்கற பிக்கப்புலயே மேக்னட்ட மட்டும் மாத்தவும் முடியும். அடித்தட்டுல இருக்கற நாலு ஸ்க்ரூவத் தளத்தி, பட்டையா இருக்கற மேக்னட்டப் பக்கவாட்டுல தள்ளி எடுத்துட்டு, புதுசை அதே திசையில உள்ள தள்ளணும். மெழுகு போட்ட பிக்கப்னா கொஞ்சம் அடம் பிடிக்கும், பலமா நெம்பினா காயில் கம்பி அறுந்துடும், பொறுமை வேணும். திசை மாறிட்டா அந்த பிக்கப் தனியா நல்லாத்தான் பாடும், நெக்கும் பிரிட்ஜும் சேத்துப் போட்ட நடு பொசிஷன்லதான் சத்தம் மெலிஞ்சு மூக்கால பேசற மாதிரி வரும். பீட்டர் கிரீனோட 1959 லெஸ் பால் நடு பொசிஷன்ல அப்படிக் கேக்கறதுக்கு நெக் பிக்கப் மேக்னட் திரும்பியிருந்ததத்தான் காரணமா சொல்வாங்க, அந்த சத்தத்துக்காகவே வேணும்னே திருப்பி வைக்கிறவங்களும் உண்டு.

நான் வாசிக்கிற பாட்டுக்கு எது எடுக்கலாம்?

ப்ளூஸ், பழைய ராக்னா 7.5லேருந்து 8.5 கிலோ ஓம் அளவுல அல்நிகோ 2 இல்லன்னா 5. சீமோர் டங்கன் கம்பெனியோட 59, சேத் லவர் மாடல்கள், இந்த மாதிரி. ஹார்ட் ராக்னா பிரிட்ஜ்ல ஜே.பி., நெக்ல 59 இல்லன்னா ஜாஸ் மாடல், இந்த ஜோடி ரொம்ப வருஷமா ஓடிட்டிருக்கு, அதுக்குக் காரணம் இருக்கு. ஜே.பி.ல மேல் மிட் கொஞ்சம் தூக்கலா இருக்கும், சில கிட்டார்ல அது அழகு, ஏற்கனவே கூர்மையா கேக்கற கிட்டார்ல அதுவே எரிச்சல். ஸ்ட்ரிங்க இறக்கி ட்யூன் பண்ணி மெட்டல் வாசிக்கிறவங்க செராமிக் பக்கம் போங்க, ஆனா பாஸ் ஜாஸ்தியான பிக்கப்ப எடுக்காதீங்க, இறக்கின ட்யூனிங்ல பாஸ் தானா வரும், உங்களுக்கு வேண்டியது இறுக்கம்.

மெல்லிசைக் கச்சேரில, சர்ச்ல, கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கிறவங்களுக்குத் தனியா சொல்லணும், ஏன்னா அவங்க வேலைதான் கஷ்டம். ஒரே கிட்டார்ல ஒரு பாட்டுக்கு கிளீன் ஆர்பெஜியோ, அடுத்த பாட்டுக்கு ஃபங்க் ஸ்ட்ரம்மிங், அதுக்கடுத்தது டிஸ்டார்ஷன் சோலோ, அதுவும் ஆம்ப் இல்லாம மல்டி எஃபெக்ட்ஸ்லேருந்து நேரா மிக்ஸருக்குப் போகும். அங்க ஹாட் பிக்கப் போட்டா கிளீன் பேட்ச்லயே கருவியோட இன்புட் திணறும், சத்தம் கரகரன்னு உடையும். நடுத்தர அவுட்புட், நாலு ஒயர் இருக்கற மாடல், ஒரு காயில ஆஃப் பண்ற ஒரு ஸ்ப்ளிட் ஸ்விட்ச், இதுதான் சரி. டிஸ்டார்ஷன் எவ்வளவு வேணும்னாலும் பெடல் தரும், பிக்கப் தொலைச்ச தெளிவ எந்தப் பெடலும் திருப்பித் தராது.

கிட்டார் பிரசன்னா மாதிரி கர்நாடக சங்கீதத்த எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கும் என் பதில் கிட்டத்தட்ட இதேதான். கமகத்துல ஒரு நோட்ட அடிச்சுட்டு அந்த ஒரே அடியில ஸ்லைடும் பெண்டும் போகுது, நோட்டு நீளமா நிக்கணும், ஆனா உள்ள நடக்கற அசைவு மழுங்கக்கூடாது. நெக்ல குறைஞ்ச அவுட்புட் அல்நிகோ பிக்கப், கொஞ்சம் தள்ளி வச்சு, சஸ்டெய்ன கம்ப்ரஸர்கிட்ட விட்டுடுங்க.

நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் வேற வேற பிக்கப் வேணுமா?

ஆமா. ஸ்ட்ரிங் நெக் பக்கம் அகலமா ஆடும், பிரிட்ஜ் பக்கம் கொஞ்சமாத்தான் ஆடும். ஒரே பிக்கப்ப ரெண்டு இடத்துலயும் போட்டா நெக் சத்தம் தூக்கிடும், அதனால பிரிட்ஜ் மாடல்ல சுத்து கூட இருக்கும். ஒண்ணு மட்டும்தான் மாத்த பட்ஜெட் இருக்குன்னா பிரிட்ஜ மாத்துங்க.

ஆக்டிவ் பிக்கப் வாங்கலாமா?

இ.எம்.ஜி. 81 மாதிரி ஆக்டிவ் பிக்கப்புல சுத்து கம்மி, உள்ளயே ஒரு ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. நாய்ஸ் ரொம்பக் கம்மி, நீள கேபிள் போட்டாலும் ட்ரெபிள் போகாது. மெட்டாலிகாவோட ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு 81, 60 ஜோடியாலதான் அந்த ரிதம் சத்தத்த ஊரறிய வச்சார். நான் பாத்தவரைக்கும் ஹை கெய்ன் வாசிக்கிறவங்களுக்கு இது அருமை, வால்யூம் நாப்ப 4ல வச்சு கிளீன் எடுக்கறவங்களுக்குக் கொஞ்சம் வெறுமையா தெரியும்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம். பேட்டரிக்கு உள்ள இடம் இருக்கணும். பாட் (வால்யூம், டோன் நாப்புக்கு அடியில இருக்கற பொட்டென்ஷியோமீட்டர்) 500 கே, அதாவது 500 கிலோ ஓம் இல்ல, 25 கே, அதனால ஒரு ஆக்டிவ், ஒரு பாஸிவ்னு கலந்து போடறது தலைவலி. அப்புறம் கேபிள் சொருகினாலே பேட்டரி ஆன், வாசிச்சு முடிச்சதும் கேபிளப் பிடுங்கிடுங்க, இல்லன்னா அடுத்த கச்சேரில நடுப் பாட்டுல சத்தம் செத்துடும். ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸும் ஆக்டிவ்தான், ஆனா அதுல கம்பி சுத்தறதுக்குப் பதிலா அச்சடிச்ச சர்க்யூட் தட்டுகள அடுக்கியிருப்பாங்க, ஒரே பிக்கப்புல ரெண்டு மூணு டோன் ஸ்விட்ச்ல மாத்திக்கலாம்.

எந்த ஹம்பக்கரும் என் கிட்டார்ல உக்காருமா?

அளந்துட்டு வாங்குங்க. கிப்சன் வகை பிரிட்ஜ்ல முதல் ஸ்ட்ரிங்கும் ஆறாவது ஸ்ட்ரிங்கும் பிக்கப் மேல சுமார் 50 மில்லிமீட்டர் அகலத்துல போகும், ஃபெண்டர் வகை, ஃப்ளாய்ட் ரோஸ் வகைல 52 சொச்சம். இதுக்குன்னே எஃப் ஸ்பேஸ்னு, டங்கன்ல ட்ரெம்பக்கர்னு தனி அளவு வருது. போல் ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தா காதுக்குப் பெருசா தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும், அதனால செகண்ட் ஹேண்ட்ல நல்ல பிக்கப் கிடைச்சா இதுக்காக விடாதீங்க. பள்ளத்தோட ஆழம்தான் முக்கியம், நீளக் கால் இருக்கற பிக்கப் ஆழம் கம்மியான கிட்டார்ல இறங்காது.

ஸ்ட்ராட்ல மரத்தை வெட்ட வேண்டாம்னா சிங்கிள் காயில் சைஸ்லயே ஹம்பக்கர் இருக்கு, டங்கன் ஹாட் ரெயில்ஸ், லிட்டில் 59, டிமார்சியோ சாப்பர் மாதிரி.

காயில் ஸ்ப்ளிட் பண்ணினா ஸ்ட்ராட் சத்தம் வருமா?

பக்கத்துல வரும், அதே வராது. ஸ்ப்ளிட்ல ஒரு காயில் ஆஃப் ஆயிடுது, மிச்சம் இருக்கறது பாதி சுத்துதான், மேக்னட்டும் ஸ்ட்ராட் மாதிரி நேரடியா ஸ்ட்ரிங்குக்குக் கீழ இல்ல, அதனால சத்தம் மெலியும், கூடவே இரைச்சலும் திரும்பி வந்துடும். நான் பேரலல், அதாவது ரெண்டு காயிலையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா இல்லாம பக்கம் பக்கமா இணைக்கறதத்தான் சொல்வேன். ரெண்டு காயிலும் வேலை செய்யும், இரைச்சல் வராது, சத்தம் கொஞ்சம் குறைஞ்சு பளிச்சுன்னு இருக்கும், மேடையில யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எதுவா இருந்தாலும் நாலு ஒயர் பிக்கப்பா இருக்கணும், பழைய பாணில பின்னல் கவசத்தோட ஒரே ஒயர் வர்றதுல இது முடியாது.

பாட், கெபாசிட்டர் மாத்தணுமா?

ஹம்பக்கருக்கு 500 கே, சிங்கிள் காயிலுக்கு 250 கே, டோன் கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட் பொது வழக்கம். ஸ்ட்ராட்ல ஹம்பக்கர் போட்டுட்டு 250 கே பாட்ட அப்படியே விட்டா ட்ரெபிள் கொஞ்சம் போகும். 500 கேன்னு எழுதியிருக்கற பாட் 20 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம், 400ம் வரும் 600ம் வரும், அதனால கடையில வாங்கும்போதே மீட்டர்ல அளந்து வாங்குங்க.

கவர் இருக்கறதா, இல்லாததா? மெழுகு போட்டதா, போடாததா?

நிக்கல் சில்வர் கவர்னா ட்ரெபிள் ரொம்பக் கொஞ்சம்தான் குறையும், மலிவான பித்தளைக் கவர்னா நல்லாவே குறையும். மெழுகுல முக்கின பிக்கப் ஹை கெய்ன்ல கீச்சுன்னு கத்தாது. அந்தக் கால பி.ஏ.எஃப்ல மெழுகு கிடையாது, கொஞ்சம் உயிரோட்டமா இருக்கும்னு தேடறவங்க உண்டு, கெய்ன் ஏத்தறவங்க மெழுகு போட்டதையே எடுங்க.

ஹம்பக்கர் போட்டும் இரைச்சல் போகலயே?

ஹம்பக்கர் காந்த வழியா வர்ற ஹம்மைத்தான் கழிக்கும். டிம்மர், எல்.இ.டி. லைட், மட்டமான அடாப்டர்லேருந்து வர்ற "ஜ்ர்ர்"ங்கற சத்தம் வேற வழியா வருது, அதுக்கு உள்பள்ளத்துல காப்பர் ஃபாயில் ஒட்டி கிரவுண்டோட இணைக்கணும். ஸ்ட்ரிங்க தொட்டா சத்தம் குறையுதுன்னா பிரிட்ஜ் கிரவுண்ட் ஒயர் சரியா இருக்கு, ஷீல்டிங்தான் பத்தலன்னு அர்த்தம். தொட்டா கூடுதுன்னா கிரவுண்ட் எங்கயோ விட்டிருக்கு.

தொட்டா ஷாக் அடிக்குதுன்னா, சுருக்குன்னு லேசா இருந்தாகூட, வாசிக்கறத உடனே நிறுத்துங்க. பிக்கப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பிளக் பாயின்ட்ல எர்த் இல்ல, இல்லன்னா ஆம்ப் பழுது. மூணு பின் பிளக்க ரெண்டு பின் சாக்கெட்ல சொருக அடாப்டர் போடற பழக்கம் நம்ம ஊர் மண்டபங்கள்ல இன்னும் இருக்கு, மைக்ல உதடும் ஸ்ட்ரிங்ல கையும் ஒரே நேரத்துல படற பாடகருக்கு அது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் பாத்து சரி பண்ணாம கிட்டார எடுக்காதீங்க.

ரெண்டு கம்பெனி பிக்கப்ப கலந்து போட்டா ஒயர் கலர் குழம்புதே?

குழம்பத்தான் செய்யும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. சீமோர் டங்கன்ல கறுப்பு ஹாட் (இங்க ஹாட்னா சிக்னல் போற ஒயர்), பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் சேத்து ஒட்டணும். டிமார்சியோல சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேத்து ஒட்டணும். மேலுறை இல்லாத வெற்றுக் கம்பி ரெண்டுலயும் கிரவுண்டுக்குத்தான். கலரே தெரியாத பிக்கப்னாலும், கலந்து போடறதா இருந்தாலும், சால்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிடுங்க. மல்டிமீட்டர 20 கிலோ ஓம் ரேஞ்சுல வச்சு, ஹாட் ஒயர்ல சிவப்பு முனை, கிரவுண்ட்ல கறுப்பு முனை. ஒரு ஸ்டீல் ஸ்க்ரூடிரைவர பிக்கப் மேல படுக்க வச்சுட்டு வெடுக்குன்னு எடுங்க, எடுக்கற அந்த நொடில நம்பர் ஏறும், இல்லன்னா இறங்கும். இன்னொரு பிக்கப்புலயும் அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டும் ஒரே பக்கம் போனா ஃபேஸ் (ரெண்டு பிக்கப் சிக்னலோட திசை) சரி, அப்படியே சால்டர் பண்ணலாம். எதிர்ப் பக்கம் போனா ஒரு பிக்கப்போட ஹாட்டையும் கிரவுண்டையும் மட்டும் மாத்திப் போடுங்க, வெற்றுக் கம்பிய மாத்தாதீங்க, அது எப்பவும் கிரவுண்ட்லதான் இருக்கணும்.